கறுப்பு வெள்ளைக் கல்கத்தா

உடைந்த ஒரு கண்ணாடி, எரிந்துபோன ஒரு ஸ்டூடியோ, டாக்ஸியில் அனாதையாகக் கிடந்த ஒரு கேமரா. இந்தியாவின் மறக்க முடியாத படங்கள் பல பிறந்த நகரத்தில் அவற்றின் நெகட்டிவ்களைத் தேடினால் கிடைப்பது இவர்களின் கதைதான்.

அந்தப் படம் எல்லாரும் பார்த்ததுதான். மயிலாப்பூர் மடத்தில் இருக்கிறது. மும்பை மாதுங்காவிலும் டெல்லி கரோல்பாகிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பூஜை அறைகளில் இருக்கிறது. சம்மணமிட்டு அமர்ந்த ராமகிருஷ்ண பரமஹம்சர். பாதி மூடிய கண்கள், மடிமேல் கோத்த கைகள், லேசாக விரிந்த உதடுகள். பேலூர் மடத்தின் பளிங்குச் சிலைக்கும் இந்தக் கோலம்தான் மாதிரி.

படத்தின் பழைய பிரதிகளை உற்றுப் பார்த்தால், அவர் தலைக்கு மேலே பின்னணி அரைவட்டமாக வளைந்திருப்பது தெரியும். பார்ப்பவர்கள் கோயில் தோரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தோரணம் அல்ல, விபத்து.

1883-84 வாக்கில், பவநாத் என்ற பக்தர் பாராநகரைச் சேர்ந்த அபினாஷ் சந்திர தாம் என்ற இளைஞரை தட்சிணேசுவரத்துக்கு அழைத்து வந்தார். அபினாஷ் அப்போது கல்கத்தாவின் புகழ்பெற்ற ஸ்டூடியோ ஒன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தவர். ராதாகாந்தர் சன்னிதித் தாழ்வாரத்தில் பரமஹம்சர் சமாதி நிலையில் அமர்ந்திருந்தபோது படம் எடுத்துவிட்டார். பிறகுதான் கை தவறியது. கண்ணாடி நெகட்டிவ் கீழே விழுந்து மேல்முனை உடைந்தது. அபினாஷ் பதறிப்போய் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. உடைந்த பகுதியை வளைவாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்திலிருந்து பிரதி போட்டார். ராமகிருஷ்ணர் மடத்து வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கும் விவரம் இது. அன்று அவர் அந்தக் கண்ணாடியைக் குப்பையில் போட்டிருந்தால் லட்சக்கணக்கான வீடுகளில் இன்று வேறு ஏதோ ஒரு படம் மாட்டியிருக்கும். அல்லது எதுவுமே இருந்திருக்காது.

கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பற்றிப் பேசும்போது ஒளி, நிழல், கோணம், கணம் என்றெல்லாம் பேசுவது வழக்கம். கல்கத்தாவில் நடந்து பார்த்தால் இன்னொன்றும் பேச வேண்டியிருக்கிறது. படத்தை எடுத்தவர் ஒருவர். அதைக் காப்பாற்றியவர் யார்?

சென்னை மெயிலில் வந்து ஹவுராவில் இறங்குபவருக்கு முதல் காட்சியே கறுப்பு வெள்ளையில்தான் கிடைக்கிறது. விடியற்காலை மூடுபனியில் ஹூக்ளி ஆற்றுக்கு நிறமில்லை. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் கோட்டோவியமாகத் தெரிகின்றன. பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை. அங்கே தலையில் செவ்வந்தி மாலைக் கட்டுகளைச் சுமந்து வருபவர்களின் மஞ்சளும் ஆரஞ்சும் மட்டும்தான் அந்த நேரத்து வண்ணம். கேமரா தூக்கிய பயணிகள் அந்த வண்ணத்தைத் தேடிப் போகிறார்கள். பழைய கைகாரர்கள் அதை விட்டுவிட்டு படித்துறைப் படிகளில் விழும் நீண்ட நிழல்களைத் தேடினார்கள்.

பாலத்தைத் தாண்டி எஸ்பிளனேடு வந்தால், சௌரங்கி சாலையும் எஸ்.என். பானர்ஜி சாலையும் சந்திக்கும் மூலை. அபினாஷ் தொழில் பழகிய பார்ன் அண்ட் ஷெப்பர்ட் இங்கேதான் இருந்தது. உலகின் மிகப் பழைய ஸ்டூடியோக்களில் ஒன்று. சாமுவேல் பார்ன் இங்கிலாந்தில் வங்கி குமாஸ்தா வேலையை உதறிவிட்டு 1863-ல் கல்கத்தா வந்து இறங்கியவர். சார்லஸ் ஷெப்பர்ட் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். சிம்லாவில் ஸ்டூடியோ, அதைத் தொடர்ந்து 1860-களிலேயே கல்கத்தாவிலும் ஒன்று.

அன்று படம் எடுப்பதும் பாரம் சுமப்பதும் ஒன்றுதான். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் அங்கேயே கழுவியும் ஆக வேண்டும். அதாவது இருட்டறையையும் கூடவே தூக்கிப் போக வேண்டும். கூடாரம், ரசாயனக் குப்பிகள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாவற்றையும் டஜன்கணக்கான கூலியாட்கள் சுமக்க, பார்ன் மூன்று முறை இமயமலையில் ஏறினார். 1866-ல் 18,000 அடிக்கும் மேலே மணிராங் கணவாயில் எடுத்த படங்கள் அதுவரை உலகில் யாரும் எடுத்திராத உயரத்தில் எடுத்தவை. பனிமலையின் வெண்மையும் பாறையின் கருமையும் சேர்ந்து நிற்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் சுமந்தவர்களின் மூச்சிரைப்பு கேட்காது. அவர்களின் பெயர்களும் படத்தின் ஓரத்தில் இல்லை.

1870-ல் பார்ன் ஊர் திரும்பிவிட்டார். ஸ்டூடியோ நின்றுவிடவில்லை. வைஸ்ராய்களும் மகாராஜாக்களும் வந்து அமர்ந்தார்கள். 1911-ல் டெல்லி தர்பாரின் அதிகாரபூர்வப் படப்பிடிப்பு இவர்களுடையது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியர் கைக்கு வந்தது. கல்யாணமான புதுத் தம்பதிகளும் பாஸ்போர்ட் படக்காரர்களும் அதே மாடிப்படி ஏறினார்கள்.

1991 பிப்ரவரி 6-ம் தேதி தீப்பிடித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருந்த கண்ணாடித் தகடுகளிலும் நெகட்டிவ்களிலும் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு கடை நடந்தது. ஆனால் டிஜிட்டல் வந்த பிறகு யாருக்கும் ஸ்டூடியோ தேவைப்படவில்லை. கட்டடம் தொடர்பான நீண்ட வழக்கு வேறு. 2016 ஜூனில் கதவை மூடினார்கள். 150 ஆண்டு வரலாறு ஒரு பூட்டுக்குள் அடங்கிவிட்டது.

இத்தனைக்கும் பார்னின் படங்கள் அழிந்துவிடவில்லை. இதில்தான் விசித்திரம். அவருடைய பிரதிகளை அன்றே வாங்கிய வெள்ளைக்காரத் துரைகள் ஆல்பங்களில் ஒட்டிக் கப்பலில் கொண்டுபோனார்கள். அந்த ஆல்பங்கள்தான் இன்று லண்டன் நூலகங்களிலும், டெல்லியில் அல்காஜி சேகரிப்பிலும் இருக்கின்றன. மகாராஜாக்களின் படங்களுக்கு அரண்மனைச் சுவர்கள் இருந்தன. எரிந்துபோனவற்றில் உண்மையாகவே திரும்பக் கிடைக்காதவை, ஒரே ஒரு பிரதி போட்டு வாங்கிப்போன சாதாரணக் கல்கத்தாவாசிகளின் முகங்கள்தான்.

கேமரா கல்கத்தாவுக்கு வந்த வேகம் ஆச்சரியமானது. பாரிஸில் 1839-ல் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்பு, 1840-லேயே இங்கே கடை விளம்பரத்துக்கு வந்துவிட்டது. 1856-ல் வங்காளப் புகைப்படச் சங்கம் பிறந்தது. வெள்ளையர்களும் இந்தியர்களும் ஒன்றாக உறுப்பினர்களாக இருந்த அபூர்வமான சங்கம். அதன் பொருளாளர் ராஜேந்திரலால் மித்ரா, பெரும் அறிஞர். பின்னாளில் ஏஷியாட்டிக் சொசைட்டியின் முதல் இந்தியத் தலைவர். 1857 ஏப்ரலில், எஸ்பிளனேடுக்கு மேற்கே இருக்கும் டவுன் ஹாலில் நடந்த கூட்டத்தில், அவுரித் தோட்டத் துரைகள் குடியானவர்களைப் படுத்தும் பாட்டைப் பற்றி அவர் கடுமையாகப் பேசினார். புகைப்படச் சங்கத்தின் வெள்ளைக்கார உறுப்பினர்களுக்குப் பொறுக்கவில்லை. அவரை வெளியேற்றினார்கள். பேசியது அவுரியைப் பற்றி. பறிபோனது கேமராக்காரர்களின் சங்கத்தில் இருந்த இடம். யார் யாரைப் படம் எடுக்கலாம் என்ற கேள்விக்குப் பின்னால் யார் பேசலாம் என்ற கேள்வியும் இருந்தது.

அந்தக் கதவை வேறு வழிகளில் திறந்துகொண்டு உள்ளே போனவர்களும் உண்டு. 1894-ல் பிறந்த அன்னபூர்ணா தத்தா, பர்தாவுக்குள் இருந்த பெண்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் படம் எடுத்தார். அந்நிய ஆண் முன்னால் நிற்கக்கூடாது என்ற கட்டுப்பாடே அவருக்குத் தொழிலாயிற்று. கழுவுவதும் பிரதி போடுவதும் வீட்டிலேயே. 1919-ல் பிறந்த இரட்டையர்களான தேபலீனா, மனோபீனா சகோதரிகளுக்குத் தந்தை 12 வயதில் ஆளுக்கொரு கேமரா வாங்கித் தந்தார். இயக்குநர் பிமல் ராயை மணந்த மனோபீனா பம்பாய் போனார். தேபலீனாவுக்குக் கல்கத்தா. இருவருமே கடைசிவரை படம் எடுத்தார்கள். இப்படிப்பட்டவர்களைத் தேடி 'சபி தோலா' என்ற வங்காள நூலை 1988-ல் எழுதியவர் சித்தார்த்த கோஷ். அவர் அலைந்து திரிந்து சேர்த்திருக்காவிட்டால் பல பெயர்களே நமக்குத் தெரிந்திருக்காது.

எஸ்பிளனேடிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சௌரங்கி சதுக்கத்தில் தூண்களோடு நிற்கிறது ஸ்டேட்ஸ்மன் கட்டடம். 1943 ஆகஸ்ட் 22 அன்று இந்தப் பத்திரிகை செய்த காரியம், கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்னதான் செய்யும் என்று கேட்பவர்களுக்குப் பதில்.

அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் புதிய ஹவுரா பாலம் திறக்கப்பட்டது. உலகமே வியந்த எஃகுப் பாலம். சில மாதங்களில் அதே பாலத்தின் வழியாகவும் மற்ற எல்லாச் சாலைகள் வழியாகவும் கிராமத்து ஜனங்கள் சோறு தேடி நகரத்துக்கு வந்து நடைபாதைகளில் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். வங்கப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் என்று அமர்த்திய சென் கணக்கிட்டிருக்கிறார். ஆனால் போர்க்காலத் தணிக்கை. பஞ்சம் என்ற சொல்லையே அரசாங்கம் விரும்பவில்லை. ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் தணிக்கை விதிகளில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். விதிகள் எழுத்தைப் பற்றித்தான் பேசின. புகைப்படத்தைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. படங்களைப் போட்டார். ஊரே அறிந்த உண்மையை அதற்குப் பிறகு டெல்லியும் லண்டனும் அறியாததுபோல இருக்க முடியவில்லை.

அதே ஆண்டு, 25 வயது மாணவர் ஒருவர் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு கேமராவோடு வங்காளக் கிராமங்களுக்குப் போனார். சுனில் ஜானா. அசாமில் திப்ருகரில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷி அவரைக் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். எடுத்த படங்கள் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' வாரப் பத்திரிகையில் வெளிவந்தன. சோற்றுக்காக நிற்கும் வரிசைகள், தாயற்ற குழந்தைகள், தெருவோரத்து உடல்கள். வண்ணம் இருந்திருந்தால் கண் புடவை நிறத்திலோ வயலின் பச்சையிலோ ஒரு கணம் தங்கியிருக்கும். இங்கே அப்படித் தங்க இடமில்லை. விலா எலும்புகளுக்கு இடையே விழும் நிழலுக்கு நேராகப் போகிறது.

இருந்தும் இந்தப் படங்கள் பரிதாபத்தைக் காட்டி யாசகம் கேட்பவை அல்ல. ஜானாவின் கேமரா பெரும்பாலும் மனிதர்களைச் சற்றே கீழிருந்து பார்த்தது. பிற்பாடு அவர் எடுத்த பழங்குடி மக்கள், மீனவப் பெண்கள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லாரும் வானத்தைப் பின்னணியாக வைத்து நிமிர்ந்து நிற்கிறார்கள். 1949-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்துக்கு அட்டை வடிவமைத்தவர் அப்போது விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ராய்.

பஞ்சத்தைப் பதிவு செய்தவர்களை நெருப்பும் விடவில்லை. ஜானாவோடு பயணம் செய்த ஓவியர் சித்தபிரசாத், மேதினிப்பூரில் கண்டதைக் கறுப்பு மையில் வரைந்து 'ஹங்ரி பெங்கால்' என்று சிறு நூலாகக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அரசு பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. ஜானாவின் நெகட்டிவ்கள் தப்பின. காரணம் எந்த அரசு நிறுவனமும் அல்ல. ஜானா வீடு மாறி, ஊர் மாறி, நாடு மாறிப் போனபோதெல்லாம் அவையும் கூடவே போயின. 2012-ல் அவர் கலிபோர்னியாவில் இறந்தார். அந்த ஆண்டுதான் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டிருந்தது. அவருடைய வாழ்நாள் உழைப்பைத் தொகுத்த பெரிய நூல் அவர் இறந்து ஓராண்டு கழித்துத்தான் வந்தது.

நெருப்பு வராவிட்டாலும் கல்கத்தாவின் காற்று சும்மா விடாது. ஃபிலிமின் மேல் பூசப்பட்டிருக்கும் ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. மழைக்காலத்து ஈரத்தில் நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஹைப்போ சரியாக அலசப்படாத பிரதி சில ஆண்டுகளில் பழுப்பேறும். ஈரமில்லாத, தூசியில்லாத, குளிர்ந்த காற்றுதான் ஃபிலிமுக்கு உகந்தது. இதற்காகத்தான் 1960-ல் மத்திய அரசு ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையை ஊட்டியில் நிறுவியது. அந்நியச் செலாவணி இல்லாத காலத்தில் 'இந்து' என்ற பெயரில் அங்கே தயாரான கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் நாடு முழுவதும் எத்தனையோ ஸ்டூடியோக்களைக் காப்பாற்றியது. அந்த ஆலையும் இப்போது மூடிக்கிடக்கிறது.

தெற்கே பார்க் ஸ்ட்ரீட்டைத் தாண்டிப் போனால் பிஷப் லெஃப்ராய் சாலை. 1970 முதல் சத்யஜித் ராய் வாழ்ந்த வீடு இங்கே இருக்கிறது. உயரமான ஜன்னல்கள், புத்தகக் குவியல், கால் மடித்து நாற்காலியில் அமர்ந்து வரையும் ஆறடிக்கு மேலான மனிதர். இந்த அறையை நேரில் பார்க்காதவர்களுக்கும் இது பழக்கம். காரணம் நேமாய் கோஷ்.

கோஷ் நாடக நடிகர். உத்பல் தத்தின் குழுவில் இருந்தவர். கேமராவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. யாரோ டாக்ஸியில் மறந்துவிட்டுப் போன ஒரு கேனன் கேமரா அவருடைய நண்பர் கைக்கு வந்தது. அந்த நண்பர் தர வேண்டியிருந்த 240 ரூபாய்க்கு ஈடாக அதை கோஷ் எடுத்துக்கொண்டார். அவரே பின்னாளில் சொல்லி மகிழ்ந்த கதை இது. 1968-ல் ராயின் 'கூப்பி காயின் பாகா பாயின்' படப்பிடிப்புக்கு அந்த கேமராவோடு போனார். ராய்க்குப் படங்கள் பிடித்துப்போயின. அதன் பிறகு கால் நூற்றாண்டு, 1992-ல் ராய் இறக்கும்வரை, கோஷ் விலகவே இல்லை. எடுத்தவை சுமார் 90,000 படங்கள்.

ஃபிளாஷ் போட மாட்டார். இருக்கிற வெளிச்சம் போதும். ஜன்னல் வழியே வரும் ஒளி ராயின் பாதி முகத்தில் விழும். மறுபாதி இருட்டில் யோசித்துக்கொண்டிருக்கும். ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1956-ல் 'அபராஜிதோ'வுக்காகத் துணியை மேலே கட்டி, அதில் விளக்கொளியைப் பட்டுத் தெறிக்க வைத்து, நிழலே தெரியாத பகல் வெளிச்சத்தை ஸ்டூடியோவுக்குள் உண்டாக்கியவர். அந்தப் பள்ளியின் காற்றைத்தான் கோஷும் சுவாசித்தார். 1991-ல் வந்த அவருடைய புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன். இதைவிடப் பெரிய சான்றிதழ் இந்தத் தொழிலில் கிடையாது.

ராயின் திரைப்படங்களுக்கோ நெருப்பு வெளிநாட்டில் காத்திருந்தது. 1993-ல் லண்டன் லேபரட்டரி ஒன்றில் தீப்பிடித்து, 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட அபு வரிசைப் படங்களின் மூல நெகட்டிவ்கள் கருகிச் சுருண்டன. கருகியவற்றையும் யாரோ எறியாமல் பத்திரப்படுத்தியதால், இத்தாலியில் நிபுணர்கள் அவற்றை அங்குலம் அங்குலமாக மீட்டார்கள். 2015-ல் படங்கள் மீண்டும் திரைக்கு வந்தன. கோஷின் நெகட்டிவ்கள் டெல்லி கலைக்கூடம் ஒன்றின் பாதுகாப்புக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் இறந்தது 2020 மார்ச் 25, நாடு தழுவிய ஊரடங்கின் முதல் நாள். தெருவெங்கும் மனிதர் நடமாட்டமில்லை. கூட்டம் கூடி வழியனுப்பத் தெரிந்த நகரத்தில் அவருக்கு அது வாய்க்கவில்லை.

கல்கத்தாவுக்கு 2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாறிவிட்டது. எல்லார் கையிலும் இப்போது கேமரா. போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் எந்தப் படமும் கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. அது அழகாகவும் இருக்கிறது. குமார்துலியில் களிமண் துர்க்கைக்குக் கண் திறக்கும் நாளில் சிற்பியைவிட போன்கள் அதிகம். அவற்றில் எத்தனை படங்கள் அடுத்த போன் வாங்கும்போது கூட வரும் என்பதுதான் பழைய கேள்வியின் புதிய வடிவம்.

வடக்கே தட்சிணேசுவரத்தில் ராதாகாந்தர் சன்னிதித் தாழ்வாரம் அப்படியே இருக்கிறது. யாத்திரிகர்கள் வருகிறார்கள், விழுந்து வணங்குகிறார்கள், போகிறார்கள். அபினாஷ் என்ற பெயரைப் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதில்லை. அவருக்குத் தொழில் கற்றுத் தந்த ஸ்டூடியோவின் கருவூலம் எரிந்துவிட்டது. அவர் எடுத்து, உடைத்து, வெட்டிச் சரிசெய்த அந்த ஒரு படத்தை மட்டும் இனி எந்தத் தீயும் முழுதாக எரித்துவிட முடியாது. அது எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது.

மற்றவர்களின் படங்களுக்கு அந்த பாக்கியம் கிடையாது. அவை எங்கோ ஒரு பீரோவில், ஸ்டூடியோ முத்திரை குத்திய பழுப்பு உறைக்குள், யாராவது எடுத்து உலர வைக்கமாட்டார்களா என்று காத்துக்கிடக்கின்றன. அடுத்த மழைக்காலம் வருவதற்குள்.